நிற்காத வண்டி

எங்கள் பெரியப்பா நீலாஸின் மகள் ரிஸ்டெனுக்கு மூக்கு இடது பக்கம் சாய்ந்திருக்கும். இருபத்திரண்டு வயதில், பனிக்கடியில் மறைந்திருந்த பாறையில் வண்டி மோதி, முன்கண்ணாடியில் முகம் அடித்து உடைந்த மூக்கு அது. உறைந்த இரத்தத்தைத் துடைக்கக்கூட நிற்காமல் அன்று பொழுது சாயும்வரை மந்தையை ஓட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினாள். அடுத்த மாதம் ஈஸ்டர் விருந்தில் அந்த மூக்கைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்த மீன் வியாபாரிக்கு முன்பற்கள் இரண்டு போயின. அதற்குப் பிறகு அந்த மூக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்கு அவள் அக்கா முறை. நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் மேட்டுவெளியில், எங்கள் ஊரில் பெட்ரோல் பங்கும் பனிவண்டிப் பட்டறையும் நடத்துகிறேன். பெயர் ஆன்தே. துருவமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடி இனத்துக் குடும்பங்கள் முப்பதுக்கு மேல் என்னை நம்பி இருக்கின்றன. எல்லார் வண்டியின் நோயும் எனக்குத் தெரியும். அக்கா வண்டியின் நோய்தான் அவளைச் சிறைக்கு அனுப்பியது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பனிவண்டியில் ஆக்ஸிலேட்டர் வலது கைப்பிடியில் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும், விரலை எடுத்தால் தளர்ந்து நிற்க வேண்டும். தூள்பனியில் நாள் முழுக்க ஓட்டினால் பனி கேபிளின் உறைக்குள் புகுந்துவிடும். எஞ்சின் சூட்டில் உருகி, குளிரில் மறுபடி இறுகும். அப்போது விரலை எடுத்தாலும் கேபிள் உள்ளே பிடித்தபடியே இருக்கும். வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

இதற்காகத்தான் ஒரு பாதுகாப்புக் கயிறு கொடுத்திருக்கிறார்கள். ஒரு முனை ஓட்டுபவர் இடுப்பில், மறுமுனை வண்டியில் ஒரு மூடியில். ஆள் விழுந்தால் மூடி பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அணையும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த மூடிக்குள் ஐஸ் கட்டினால் யாரும் விழாமலே எஞ்சின் அணைந்துவிடும், திரும்பக் கிளம்பாது. அக்காவுக்கு ஒரு டிசம்பரில் அப்படித்தான் ஆனது. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தொரு டிகிரி. இருபத்தேழு கிலோமீட்டர் நடந்து வந்தாள். பட்டறைக்குள் நுழைந்ததும் பூட்ஸைக் கழற்றினாள். இடது காலில் இரண்டு விரல்கள் கரித்துண்டு மாதிரி இருந்தன.

"ஆன்தே, அந்தக் கயித்த அறுத்துப் போடு. வயரை நேரா முறுக்கி விட்டுடு."

"அக்கா, அது பாதுகாப்புக்குன்னு..."

"எதுடா பாதுகாப்பு? என்னைக் கொல்லப் பாத்தது அதுதான். அறுக்கறியா, நான் அறுக்கவா?"

அறுத்தேன். ஊரில் பாதிப் பேருக்கு நான் அறுத்துக் கொடுத்திருக்கிறேன். பின்னால் நீதிமன்றத்தில் கேட்டபோது ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். பொய் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு "ஆமாம்" அவளுக்கு எதிராகத்தான் போனது.

கைப்பிடிக்கு அருகில் எஞ்சினை அணைக்கும் பொத்தான் ஒன்றும் உண்டு. சட்டைப் பொத்தான் அளவு. தடித்த கையுறையோடு அதைத் தேடிப் பிடிப்பதற்குள் வண்டி முப்பது மீட்டர் போயிருக்கும்.

சம்பவம் நடந்தது பிப்ரவரியில். அந்த ஜனவரியில் மழை பெய்தது. எங்கள் நாட்டில் ஜனவரி மழையை விடக் கொடியது எதுவும் இல்லை. மழை பனிமேல் விழுந்து கண்ணாடித் தகடாக இறுகிவிடும். மான்கள் குளம்பால் எவ்வளவு தோண்டினாலும் அடியில் இருக்கும் பாசி எட்டாது. பசித்த மான் எல்லை பார்க்காது. அக்காவின் மந்தை ஏரியைத் தாண்டி ஈசாத்தின் மேய்ச்சலுக்குள் போய்விட்டது.

ஈசாத்துக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. பெரிய மந்தைக்காரர், தோள் அகலமான ஆள். பெரியப்பா காலத்திலிருந்தே அந்த ஏரி யாருடையது என்று இரண்டு குடும்பத்துக்கும் சண்டை. முன்பே ஒருமுறை பட்டி வேலியை எரித்திருக்கிறார்கள். யார் யாருடையதை எரித்தார்கள் என்று கேட்டால் நீங்கள் கேட்கும் ஆளைப் பொறுத்துப் பதில் மாறும்.

அன்று ஏரிக்கரையில் இருந்தது அக்காவும் ஈசாத்தும் மட்டும்தான். நடந்ததை அக்கா என்னிடம் சொன்னபடி சொல்கிறேன்.

நடுப்பகல். காற்று தூள்பனியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அக்கா காலையிலிருந்து மந்தையைத் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தாள். பாதி திரும்பியிருந்தது. அப்போது ஈசாத் மேட்டிலிருந்து முழு வேகத்தில் வண்டியை இறக்கி மந்தைக்கு நடுவே பாய்ந்தார். மான்கள் சிதறின. சினைமான்கள் பசியில் எலும்பாக இருந்தன. அவற்றால் ஓட முடியவில்லை. இரண்டை வண்டி ஏறி மிதித்தது. ஒன்று அங்கேயே முடிந்தது. இன்னொன்றுக்கு வயிறு கிழிந்து, உள்ளிருந்த குட்டி பாதி வெளியே சரிந்து பனிமேல் ஆவி பறக்கக் கிடந்தது. தாய் மான் முன்னங்கால்களால் எழுந்து எழுந்து விழுந்தது.

அக்கா இறங்கி ஓடி, மானின் தலையை முழங்காலால் அழுத்தி, பிடரியில் கத்தியை இறக்கினாள். எழுந்து திரும்பியபோது முழங்கைவரை இரத்தம். ஈசாத் எதிரில் நின்றிருந்தார்.

"ஏய், நீலாஸ் மகளே! கூட்டிட்டுப் போ உன் மந்தைய. இல்லைன்னா மிச்சத்தையும் இப்படியே போடுவேன்."

"சினைமான் மேல ஏத்திட்டுப் பேச்சு வேறயா உனக்கு? நீ மேய்ப்பனா? கசாப்புக்காரன்யா நீ."

"உங்க அப்பனுக்கும் இதே வாய்தான். வாயாலேயே ஏரியப் பிடிச்சுடலாம்னு பாத்தான்."

அக்கா அவர் மூஞ்சியில் துப்பினாள். அவர் வண்டியில் சொருகியிருந்த பனிவாரியை உருவி அதன் கட்டையால் அவள் வாயில் அடித்தார். கீழ்வரிசையில் மூன்று பற்கள் உடைந்து நாக்கில் குத்தின. அவள் கத்தியை ஓங்கவில்லை. கையில் கத்தி இருந்தும் ஏன் ஓங்கவில்லை என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினாள்.

"பயமுறுத்தணும்னுதான் ஆன்தே. ஒரு மீட்டர் முன்னாடி நிறுத்தி, அவன் பனியில உக்காந்து கதறணும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

இருபது மீட்டர் தூரத்தில் கட்டைவிரலை எடுத்தாள். வண்டி தளரவில்லை. பிரேக்கை இறுக்கினாள். கண்ணாடி ஐஸில் வண்டிக்கு அடியில் சுற்றும் ரப்பர் பட்டை வழுக்கியது, எஞ்சின் அதைத் தள்ளிக்கொண்டே போனது. பொத்தானைத் தேடினாள். கையுறை நுனி எதிலோ பட்டது, எதில் என்று தெரியவில்லை. கைப்பிடியைத் திருப்பினாள். முன்பக்கச் சறுக்குக் கட்டைகள் ஐஸைச் சுரண்டினவே தவிர வண்டி திரும்பவில்லை. ஈசாத் கடைசி நொடியில் பக்கவாட்டில் தாவினார். இடுப்பு தப்பியது. இரண்டு கால்களும் தப்பவில்லை.

எலும்பு உடையும் சத்தம் எஞ்சின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது என்றாள். வண்டி ஒரு பிர்ச் மரத்தில் மோதி, சாய்ந்து, பட்டை காற்றில் சுற்றியபடி அலறிக்கொண்டு கிடந்தது. கைப்பிடி பனிக்குள் புதைந்துவிட்டதால் பெட்ரோல் குழாயைக் கையால் பிடுங்கித்தான் அதன் வாயை அடைத்தாள்.

ஈசாத்தின் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவருடைய வண்டியை இதற்குள் காற்று பனியால் மூடிக்கொண்டிருந்தது. பெல்ட் இறுகிக் கிளம்ப மறுத்தது. ஹெலிகாப்டர் அந்தக் காற்றில் எழாது. ஊர் நாற்பது கிலோமீட்டர். அவளிடம் இருந்தது அவரை மோதிய அதே வண்டிதான். நிமிர்த்தினாள். ஆக்ஸிலேட்டர் இன்னும் பிடித்தபடியே இருந்தது. தெர்மாஸில் இருந்த சூடான காபி முழுவதையும் கேபிள் உறைமேல் ஊற்றினாள். க்ளிக் என்று விட்டது. குழாயைத் திரும்பச் சொருகி, பிர்ச் கிளைகளை வெட்டி அவர் கால்களுக்கு இருபுறமும் அணையாக வைத்து, மான் பிடிக்க எறியும் கயிற்றால் சுற்றிக்கட்டி, காலையில் கரையில் கழற்றி வைத்திருந்த சறுக்குவண்டியில் கிடத்தி இழுத்து வந்தாள். வழி நெடுக அவர் அவளையும் அவள் பரம்பரையையும் திட்டிக்கொண்டே வந்தார். அவள் வாயிலிருந்து இரத்தம் துப்பிக்கொண்டே ஓட்டினாள்.

"திட்டற வரைக்கும் சாக மாட்டான்னு தெரிஞ்சுது. சத்தம் நின்னா திரும்பிப் பாத்து நானே ரெண்டு திட்டு திட்டினேன். மறுபடி ஆரம்பிச்சான்."

அவர் பிழைத்தார். வலது காலில் எஃகுத் தகடு, இடது கால் நான்கு சென்டிமீட்டர் குட்டை.

வழக்கு நடந்தது கடற்கரை நகரத்தில். வண்டி நிறுவனத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். காவல்துறையின் சூடேற்றிய கொட்டகையில் வண்டியை நான்கு நாள் வைத்து ஆராய்ந்ததாகச் சொன்னார். ஆக்ஸிலேட்டர் எண்ணெய் போட்ட மாதிரி வேலை செய்ததாம். பாதுகாப்புக் கயிறுதான் வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டிருந்ததாம்.

எனக்குத் தாங்கவில்லை. "சூடான ரூம்ல வச்சா செத்த மீன்கூட வளைஞ்சு கொடுக்கும்யா! வெளிய வச்சுப் பாத்தியா நீ?" என்று பின்வரிசையிலிருந்து கத்தினேன். என்னை வெளியே அனுப்பினார்கள்.

ஈசாத் சக்கர நாற்காலியில் வந்தார். மோதியபோது அக்காவின் கட்டைவிரல் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "வண்டி வந்தது. அடிச்சது. அதுக்கு மேல எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல."

பத்து மாதச் சிறை. வெளியே வந்த பிறகும் மூன்று வருடம் மோட்டார் வண்டி எதையும் தொடக்கூடாது.

சிறையிலும் அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு பெண்ணின் விலா எலும்பை உடைத்து இரண்டு வாரம் தனி அறையில் கிடந்தாள். என்னவென்று கேட்டபோது, "சமையல்காரப் பொண்ண அடிச்சிட்டே இருந்தா. ரெண்டு நாள் பாத்தேன். மூணாம் நாள் பாக்க முடியல" என்று மட்டும் சொன்னாள். அவள் மந்தையை நானும் அவளுடைய சித்தியும் பார்த்துக்கொண்டோம். சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அறுபது மான்கள் குறைந்துவிட்டன.

திரும்பி வந்தவள் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மந்தைக்குப் போனாள். வண்டி இல்லாமல் முன்னூறு மான்களை மேய்ப்பது எப்படி என்று ஊரே வேடிக்கை பார்த்தது. இரண்டு விரல் இல்லாத காலோடு ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர். ஒருமுறை ஓநாய்க்கீரி என்ற, கரடிக்குட்டி மாதிரி மூர்க்கமான மிருகம் ஒன்று கன்றின் கழுத்தைக் கவ்வியிருந்தபோது, சறுக்குக் கோலாலேயே அதன் மண்டையைப் பிளந்தாள். அது அவள் தொடையில் பதித்த பற்குறி இன்னும் இருக்கிறது. இவ்வளவுக்கும் அவள் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். ஒரு கேள்வியால் வந்த அழுகை அது.

"ஆன்தே, நீ என்னை நம்புறியா? விரலை எடுத்தேன்னு?"

"நம்புறேன் அக்கா."

"மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். ஆனால் ஒரு நொடி தாமதமாகச் சொன்னேன். அந்த ஒரு நொடி அவளுக்குப் புரிந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் முழுதாக நம்பவில்லை என்பதுதான் உண்மை. பெரியப்பா நீலாஸின் கோபம் எனக்குத் தெரியும். அவளுடையது அதைவிட ஒருபடி மேல்.

மறுவருடம் ஈஸ்டர் வாரத்தில் அந்த வண்டி நிறுவனமே எங்கள் ஊருக்கு வந்தது. ஈஸ்டர் சமயத்தில்தான் எல்லா மேய்ப்பர்களும் கல்யாணத்துக்கும் மான் பந்தயத்துக்கும் ஊரில் கூடுவார்கள். வண்டிக்காரர்கள் என்னென்ன மாற்றம் எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள தூரே என்ற இஞ்சினியரை அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான, நாற்பது வயதுக்காரர், மடிப்புக் கலையாத கம்பெனிச் சட்டை. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். அக்காவும் வந்து கதவோரம் கைகட்டி நின்றாள்.

தூரே முதல் கேள்வியை முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"பொத்தானெல்லாம் பருக்கை அளவு வச்சிருக்கீங்க. கையுறைய கழட்டினா விரல் போகுது, கழட்டலைன்னா பொத்தான் சிக்க மாட்டேங்குது. மூக்கால அழுத்தறதா நாங்க?"

"இழுத்துக் கிளப்பற கயிற எதுக்கு எடுத்தீங்க? பேட்டரி செத்தா உங்க முதலாளி வந்து தள்ளுவாரா?"

"பெல்ட் மாத்த ஏழு திருகு கழட்டணும். காத்துல நின்னு கழட்டிப் பாத்திருக்கியா தம்பி?"

"முன்னாடி டிவி மாதிரி ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதைப் பிடுங்குங்க. முப்பதுக்குக் கீழ போனா அது கறுப்பாயிடுது. குளிருதுன்னு எங்களுக்கே தெரியும்."

"சீட்டுக்குச் சூடு எவன் கேட்டான்?"

"நான் கேட்டேன்," என்று முன்வரிசையிலிருந்து தடித்த விதவை ஒருத்தி எழுந்தாள். "எழுபது வயசுல எனக்குச் சூடு வேற எங்கேருந்து வரும்? அதுல கை வச்சீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

கூடமே சிரித்தது. தூரேயும் சிரித்தபடி எழுதிக்கொண்டிருந்தார். அப்போது இரண்டு ஊன்றுகோல்களில் ஈசாத் எழுந்தார். சிரிப்பு அடங்கியது.

"என் மக மாரெத்துக்குப் பதினேழு வயசு. போன மாசம் ஆக்ஸிலேட்டர் பிடிச்சிட்டு வண்டி மரத்துல மோதிச்சு. தாடை ரெண்டா போச்சு. ஆறு வாரமா குழாய்லதான் சாப்பிடறா. அதுக்கு என்ன பண்ணப் போற?"

தூரே மரியாதையாகத்தான் பேசினார். "ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஆனா ஆக்ஸிலேட்டர் உறையறதா உறுதியான புகார் எதுவும் எங்ககிட்ட இல்லை. ஒரே ஒரு வழக்குதான் வந்தது. அதுலயும் வண்டி மேல தப்பு இல்லைன்னு தீர்ப்பாயிடுச்சு."

"அந்த வழக்குல ஒடைஞ்ச கால் என்னோடதுதான்."

"அப்படீன்னா உங்களுக்கே தெரியுமே..."

"தெரியும்." ஈசாத் கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தார். "அவ விரலை எடுத்துட்டா. நான் பாத்தேன். கட்டைவிரல் மேல நின்னுது, வண்டி மட்டும் வந்துக்கிட்டே இருந்தது. அப்புறம் கேபிள் மேல காபி ஊத்தி அதை விடுவிச்சதையும் பாத்தேன். ரெண்டும் என் கண்ணால பாத்தது."

அக்கா கதவோரத்திலிருந்து நடந்து வந்தாள், ஓடவில்லை. ஆட்கள் நாற்காலியோடு விலகி வழி விட்டார்கள். அவர் முன்னால் வந்து நின்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

முதல் அடியிலேயே புருவம் கிழிந்தது. ஊன்றுகோல்கள் இரண்டு பக்கமும் பறந்தன. அவர் நாற்காலிகள்மேல் மல்லாந்து விழுந்தார். அவள் மேலே ஏறி உட்கார்ந்து வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றிக் குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சொல் வந்தது. "பத்து... மாசம்... அறுபது... மானு..." இரத்தம் அவள் சட்டையின் வெள்ளிப் பொத்தான்கள்மேல் தெறித்தது. ஐந்து பேர் சேர்ந்து இழுத்தோம். என் மணிக்கட்டைக் கடித்தாள். ஈசாத் கையை உயர்த்தவே இல்லை. முகத்தைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை.

"விடுங்கடா அவளை," என்றார் கீழே கிடந்தபடியே. "அடிச்சு முடிக்கட்டும். அப்புறம் பேசணும்."

அவள் நிறுத்திவிட்டாள். மூச்சு வாங்கியது.

"ஏன்யா சொல்லல?"

"நீ உள்ள போனா ஏரி எனக்கு வந்துடும்னு நெனச்சேன்."

வேறு ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் மறுபடி அடித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பதிலுக்கு அவளிடம் அடி இல்லை. எழுந்து வெளியே போனாள். பனியை வாரி முகத்தையும் கைகளையும் தேய்த்துவிட்டு உள்ளே வந்து, மேசைக்கு அடியில் பாதி ஒளிந்திருந்த தூரேயின் எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோ. உள்ளங்கை அளவு பொத்தான், கைப்பிடிக்கு நடுவுல. கையுறையோட குத்தினா எஞ்சின் சாகணும். கேபிளுக்குப் பனி புகாத உறை. அப்புறம், வண்டியச் சோதிக்கறதா இருந்தா சூடான ரூம்ல வைக்காதே. இங்க கொண்டு வா. நான் சோதிக்கிறேன்."

தூரே எழுதினார். மறுநாள் ஈசாத் வீங்கிய முகத்தோடு காவல் நிலையத்துக்குப் போய்த் தன் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுவிசாரணை முடியும்வரை அக்கா வண்டி ஓட்டலாம் என்று நவம்பரில் உத்தரவு வந்தது.

டிசம்பரில் தூரே ஒரு புது வண்டியோடு வந்தார். கைப்பிடிக்கு நடுவில் சிவப்பாக, தட்டு மாதிரி ஒரு பொத்தான். கேபிளுக்கு ரப்பர் உறை. முதலில் அதை என் பட்டறைக்குள் நிறுத்தப் பார்த்தார். அக்கா விடவில்லை. ஒரு நாள் முழுக்க அதைத் தூள்பனியில் புரட்டி ஓட்டி, எஞ்சின் சூட்டோடு அப்படியே வெளியே விட்டாள். மறுநாள் முற்பகலில், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தாறில், ஊரை ஒட்டியிருக்கும் வேறொரு ஏரியின் ஐஸ்மேல் ஊரே கூடியது. வெளிச்சம் சாம்பல் நீலமாக இருந்தது.

"முழு வேகத்துல வருவேன். இருபது மீட்டர் முன்னாடி பொத்தானைக் குத்துவேன். நிக்குதான்னு பாக்கலாம்," என்றாள் அக்கா. "எதிர்ல யாராவது நின்னாத்தான் தூரம் தெரியும். இஞ்சினியரே, நீ நில்லு. உன் வண்டிதானே?"

தூரேயின் முகம் வெளுத்தது. "அது... கம்பெனி விதிமுறைப்படி..."

"நான் நிக்கறேன்." ஈசாத் ஊன்றுகோல்களை ஊன்றி ஐஸ்மேல் நடக்க ஆரம்பித்தார். யாரையும் பார்க்கவில்லை. நாற்பது மீட்டர் போய்த் திரும்பி நின்றார். "எங்கிட்ட ஒடைய இனிமே என்ன இருக்கு? வா, நீலாஸ் மகளே."

அக்கா வண்டியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாடை அசைவது தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் ஓட்டிவிடுவாள் என்றுதான் பயம். பிறகு கீழே இறங்கினாள்.

"ஆன்தே, பங்குல காலி டீசல் பீப்பாய் இருக்குல்ல? உருட்டிட்டு வா. யோவ் ஈசாத், தள்ளிப் போ. உன்னைக் கொல்லணும்னா வேற நாள்ல கொல்றேன், இவன் பொத்தானை நம்பி இல்ல."

பீப்பாயில் பாதிவரை பனியை நிரப்பி, அவர் நின்ற இடத்திலேயே நிறுத்தினோம். அக்கா தொலைவுக்குப் போய், பாதுகாப்புக் கயிற்றை இடுப்பில் மாட்டாமலே திரும்பினாள். எஞ்சின் ஓலமிட்டது. ஐஸ் நடுங்கியது எங்கள் காலுக்குத் தெரிந்தது. குறி வைத்த இடத்துக்கு வந்ததும் கை உயர்ந்து பொத்தானைக் குத்தியது. எஞ்சின் அணையவில்லை. மறுபடி குத்தினாள். மூன்றாவது குத்துக்குப் பதில் பக்கவாட்டில் பாய்ந்தாள். உருண்டு, உருண்டு, ஒரு பனிக்குவியலில் போய் மோதினாள். வண்டி பீப்பாயை அடித்த சத்தம் மலைவரை போய்த் திரும்பி வந்தது. பீப்பாய் நடுவில் மடங்கிக் காகிதம் போல நசுங்கியது. வண்டி அதன்மேல் ஏறிக் கவிழ்ந்து, எரிபொருள் பனியில் மஞ்சளாகப் பரவியது.

ஓடிப் போய் அக்காவைத் தூக்கினோம். விலா இரண்டு விரிசல் என்று பிறகு தெரிந்தது. தூரே கவிழ்ந்த வண்டியின் அருகில் மண்டியிட்டுப் பொத்தானைத் திருகி எடுத்தார். அடியில் சிறிய குழி, அதற்குள் ஒரு கட்டி ஐஸ். பொத்தான் இறங்க இடமே இல்லை. அவர் அங்கேயே வாந்தி எடுத்தார்.

ஈசாத் பீப்பாயின் பக்கத்தில் வந்து நின்று அதை நெடுநேரம் பார்த்தார். நசுங்கிய மடிப்பு அவர் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஊன்றுகோல் ஐஸில் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சினியரே," என்று அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டே கூப்பிட்டாள். "கீழ ஓட்டை போடு. தண்ணி நின்னாத்தானே உறையும்?"

பிப்ரவரியில் அடியில் திறந்த புதிய பொத்தானோடு தூரே மறுபடி வந்தார். பன்னிரண்டு முறை ஓட்டினாள். பன்னிரண்டு முறையும் எஞ்சின் செத்தது. அடுத்த குளிர்காலத்து வண்டிகளில் அது வந்துவிட்டது, கேபிள் உறையும் வந்துவிட்டது. இழுத்துக் கிளப்பும் கயிறு வரவில்லை. முன்னால் இருக்கும் டிவியை அவர்கள் பிடுங்கவில்லை, இன்னும் பெரிதாக்கியிருக்கிறார்கள். விதவையின் சூடான சீட்டு தப்பித்தது.

மறுவிசாரணையில் அக்காவின் தண்டனையை நீக்கினார்கள். மந்தையில் குறைந்த மான்களை யாரும் திருப்பித் தரவில்லை. பொய்ச்சாட்சிக்கு ஈசாத்துக்கு நாற்பத்தைந்து நாள். தானே பையை எடுத்துக்கொண்டு போய் இருந்துவிட்டு வந்தார். என்னிடம் அக்கா ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் பழுதான வண்டியைப் பட்டறையில் கொண்டு வந்து நிறுத்தி, "என்னடா பாக்கற? சரி பண்ணு" என்றாள். அதோடு சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஏரிச் சண்டை தீரவில்லை. இந்த ஜனவரியிலும் மழை பெய்தது, மந்தைகள் மறுபடி கலந்தன. போன வாரம் பட்டியில் போட்டுப் பிரித்தோம். காதில் உரிமைக் குறி வெட்டாமல் விட்டுப்போன கன்று ஒன்று நடுவில் நின்றது. அக்கா கயிற்றை எறிந்து பிடித்து, காதில் தன் குறியை வெட்டக் கத்தியை எடுத்தாள். சறுக்குவண்டிமேல் உட்கார்ந்திருந்த ஈசாத் எழுந்து கத்தினார்.

"ஏய்! அது என் மானோட கன்று. தாயைப் பாரு!"

"எந்தத் தாய்? எங்க இருக்கா? கூப்பிடு பாப்போம்!"

"உனக்குக் கண்ணும் போச்சா?"

"வா இங்க, கண்ணு இருக்கா இல்லையான்னு காட்டறேன்."

நான் நடுவில் போய் நின்றேன். எனக்கும் ஒரு குத்து விழுந்தது. யார் கை என்று பார்க்கவில்லை. அந்தக் கன்று இப்போது என் பட்டறைக்குப் பின்னால் கட்டியிருக்கிறது. காதில் யார் குறியும் இல்லை.